நடுக்குவாத மருத்துவம்: இருநூறு ஆண்டுக் கேள்வியும் சிரம்பான் தோட்டப்புறமும்

நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், என்று உறுதியான ஒருவருக்கு எந்த மருத்துவத்தை, எந்தக் கட்டத்தில் தொடங்குவது? பார்க்கின்சன் நோயைப் பற்றி ஆய்வுலகில் எத்தனையோ விவாதங்கள் நடக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பம் கேட்பது என்னவோ இந்த ஒன்றைத்தான். இருநூறு ஆண்டுகளாக இதற்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் சில கைவிடப்பட்டன, சில திருத்தப்பட்டன, சில இன்னும் சோதனையில் இருக்கின்றன.

சிரம்பானைத் தலைநகராகக் கொண்ட மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பஹாவ் பக்கங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் களைக்கு மருந்து அடித்தும் உழைத்த தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதில்தான். 2019 நிலவரப்படி உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மலேசியாவில் 15,000 முதல் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முழுமையாகக் குணமாக்கும் மருத்துவம் இதுவரை எதுவும் இல்லை. ஆகவே விவாதம் முழுவதும் அறிகுறிகளை எப்படிக் கட்டுக்குள் வைப்பது, நோயின் வேகத்தை மட்டுப்படுத்த முடியுமா என்ற இரண்டைச் சுற்றியே நடக்கிறது.

குருதி வடித்த காலம் முதல் டோபமின் வரை

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். கழுத்துப் பகுதியில் குருதி வடிப்பதே அவர் முன்வைத்த சிகிச்சை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோவும் அவருடைய மாணவர்களும் ஊமத்தை, அதன் உறவுச் செடிகள் ஆகியவற்றில் உள்ள வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களைப் பயன்படுத்தினர். அந்த வழியில் வந்த டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, நடுக்கத்தை ஓரளவு தணிக்கும். ஆனால் முதியவர்களுக்கு மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவற்றைக் கொண்டுவருவதால் அதை அவர்களுக்குத் தருவதில் மருத்துவர்கள் இப்போது தயங்குகின்றனர்.

பெரிய திருப்பம் 1957இல் வந்தது. ஸ்வீடன் ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் மருந்தை விலங்குகளுக்குக் கொடுத்து அவற்றை அசைவற்றுப்போகச் செய்தார். பின் டோபா என்ற வேதிப்பொருளைச் செலுத்தியதும் அவை மீண்டும் நடமாடின. 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே அங்கு வால்டர் பிர்க்மாயர், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவை ஊசிவழி செலுத்திப் பார்த்தார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் டோபாவை வாய்வழியாக, சிறுகச் சிறுகக் கூட்டிப் பெரிய அளவில் கொடுத்தபோதுதான் நிலையான பலன் தெரிந்தது. 1970களில் கார்பிடோபா, பென்செரசைடு என்ற துணைப்பொருள்கள் சேர்ந்தன. லெவோடோபா மூளையை எட்டுமுன் உடலிலேயே வீணாவதை இவை தடுத்ததால் குமட்டல் குறைந்தது, குறைந்த அளவே போதுமானது. சினெமெட், மடோபார் என்று இன்று மருந்துச்சீட்டில் எழுதப்படுபவை இந்தக் கூட்டுகள்தான். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

தள்ளிப்போடுவதா, தொடங்குவதா

லெவோடோபாவின் வெற்றியே அடுத்த சர்ச்சைக்கு வித்திட்டது. சில ஆண்டுகள் சாப்பிட்டவர்களில் பலருக்கு இரண்டு தொல்லைகள் தோன்றின. ஒன்று, அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் வேகம் தீர்ந்து உடல் மீண்டும் இறுகுவது. மற்றொன்று, மருந்து உச்சத்தில் இருக்கும்போது கை, கால், தலை ஆகியவை கட்டுப்பாடின்றி நெளிந்தாடுவது. ஆய்வுக்கூடத்தில் லெவோடோபா நரம்புச் செல்களுக்கு நச்சாகலாம் என்ற சில முடிவுகளும் வந்தன. இவை இரண்டும் சேர்ந்து, மருந்தின் பலன் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே என்றால் அதைப் பிந்திய காலத்துக்குச் சேமித்து வைப்பதே விவேகம் என்ற நிலைப்பாட்டை உருவாக்கின. நோயாளிகளிடமும் அந்த அச்சம் ஆழமாக வேரூன்றியது.

2004இல் வெளியான எல்டோபா ஆய்வு இந்த அச்சத்தை முதலில் அசைத்தது. ஆரம்ப நிலையில் இருந்த 361 பேரிடம் 40 வாரங்கள் நடந்த அதில், லெவோடோபா பெற்றவர்கள், மருந்தை நிறுத்திய இரண்டு வாரங்களுக்குப் பிறகும், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தனர். எனினும் மூளைப் படங்கள் சற்று மாறான சாயலைக் காட்டியதால் ஐயம் முழுமையாக அகலவில்லை. 2014இல் கானா நாட்டு நோயாளிகள் 91 பேரை இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. வசதிக் குறைவால் கானாவில் மருந்து தாமதமாகவே கிடைத்தது. ஆனாலும் தொல்லைகள் தலைகாட்டிய கட்டம் இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மருந்து உண்ட காலத்தைவிட நோயின் வயதும் மருந்தின் அளவுமே தொல்லைகளைத் தீர்மானிக்கின்றன என்று அது கருத இடம் தந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் 1,620 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த பிடி மெட் ஆய்வு, லெவோடோபாவில் தொடங்கியவர்களின் நடமாட்டம் மற்ற மருந்துகளில் தொடங்கியவர்களைவிடச் சிறிதளவு மேம்பட்டிருந்ததைக் கண்டது. நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்து 2019இல் வெளியான லீப் ஆய்வு, 40 வாரம் முன்னதாகத் தொடங்கியதால் நோயின் போக்கில் நன்மையோ தீமையோ இல்லை என்றது.

இந்தச் சான்றுகளுக்கும் எல்லை உண்டு. லீப் ஆய்வின் 80 வாரங்கள், பல பத்தாண்டுகள் நீளும் நோய்க்குக் குறுகிய காலம். பிடி மெட்டில் முதியவர்களே அதிகம்; நாற்பதுகளில் நோய் கண்டவர்களுக்கு அதன் முடிவு எவ்வளவு பொருந்தும் என்பது தெளிவில்லை. கானா ஆய்வு ஒப்பீடு மட்டுமே. யாருக்கு எப்போது மருந்து என்று குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அன்று. ஆயினும் நாலும் ஒரே திசையைக் காட்டுவதால், சேமித்து வைக்கும் வாதம் பெரிதும் வலுவிழந்துவிட்டது எனலாம்.

கூலி உழைப்பாளிக்கு இது ஏட்டு விவாதம் இல்லை. குலை வெட்டுபவரின் கை இறுகிப்போனால் அன்றைய சம்பளம் போகிறது. மரத்தடியில் விழுந்தால் இடுப்பெலும்பு போகிறது. மருந்தை ஒத்திப்போட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் இத்தகைய விலை இருக்கிறது. அதேவேளை, உடனே தொடங்கலாம் என்பதற்கு நிறையச் சாப்பிடலாம் என்று பொருள் கொள்ள முடியாது. உடல் எடை குறைந்தவர்கள், பெண்கள், இளவயதில் நோய் கண்டவர்கள் ஆகியோருக்கு அதிக அளவில் கொடுத்தால் நெளிந்தாடும் தொல்லை வரும் வாய்ப்பு கூடுதல். ஒல்லியான உடல்வாகுள்ள தோட்டத்துப் பெண்ணுக்கு ஐரோப்பிய ஆணின் அளவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மற்ற மாத்திரைகளும் அவற்றுக்கான விலையும்

லெவோடோபாவைத் தள்ளிப்போட்ட காலத்தில் அந்த இடத்தை நிரப்பியவை டோபமினைப்போல் செயல்படும் பிரமிபெக்சோல், ரோப்பினிரோல் முதலிய மருந்துகள். நெளிந்தாட்டம் இவற்றில் குறைவு என்பது 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆய்வுகளில் தெரிந்தது. பிறகுதான் மறுபக்கம் வெளிப்பட்டது. பகல் தூக்கம், கால் வீக்கம், மாயத்தோற்றம் ஆகியவற்றோடு, ஆசையை அடக்க முடியாத நடத்தையும் சிலரிடம் தோன்றியது. 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இம்மருந்துகளை உண்டவர்களில் 17.1 விழுக்காட்டினரிடமும் உண்ணாதவர்களில் 6.9 விழுக்காட்டினரிடமும் இத்தகைய நடத்தை காணப்பட்டது. சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு, அடங்காத தீனி, மிகுந்த பாலுணர்வு ஆகியவை இதில் அடங்கும். அப்பா திடீரென்று தினமும் நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போகிறார் என்றால் அதைக் குணக்கேடாகப் பார்க்குமுன் மருந்துச்சீட்டைப் பார்ப்பது நல்லது. குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

செலிஜிலின், ரசஜிலின் ஆகியவை டோபமின் சிதைவதைத் தாமதப்படுத்துகின்றன. பலன் மிதமானது, தொல்லையும் குறைவு. என்டகபோன் லெவோடோபாவின் நேரத்தைச் சற்று நீட்டுகிறது. சளிக்காய்ச்சலுக்கென்று வந்த அமன்டடின், ஒரு நோயாளிக்குத் தற்செயலாகப் பயன்பட்டு 1969இல் கவனத்துக்கு வந்தது; நெளிந்தாட்டத்தைக் குறைக்க இன்றும் உதவுகிறது. எதை முதலில் கொடுப்பது என்பதில் வயது, வேலை, நினைவாற்றல், பழக்கங்கள் எல்லாம் கணக்கில் வருகின்றன. எல்லாருக்கும் ஒரே வரிசை என்று இப்போது யாரும் வலியுறுத்துவதில்லை.

பூனைக்காலியின் வாதம்

தமிழ்க் குடும்பங்களில் இணையாக ஒலிக்கும் நிலைப்பாடு ஒன்று உண்டு. நடுக்குவாதத்தைச் சித்த மருத்துவம் வாத நோய்களுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. ஆயுர்வேதம் கம்பவாதம் என்கிறது. இரண்டிலும் பூனைக்காலி விதைக்கு இடம் உண்டு. இதற்கு அறிவியல் அடிப்படையும் இருக்கிறது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் இவ்விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அதன் மருத்துவப் பயன் உலகுக்குத் தெரிவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. விதையில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை அப்பொருள் இருக்கிறது.

ஆகவே பூனைக்காலி வேலை செய்கிறதா என்பது இப்போது கேள்வியாக இல்லை. எவ்வளவு, எவ்வளவு சீராக என்பதே கேள்வி. 2004இல் லண்டனில் எட்டுப் பேரிடம் நடந்த ஆய்வில், 30 கிராம் விதைப்பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை செய்யத் தொடங்கியது. பலனும் நீண்டு நின்றது. எட்டுப் பேரை வைத்துப் பொதுமுடிவுக்கு வர இயலாது என்பது வெளிப்படை. மாத்திரை வாங்க இயலாத நாடுகளுக்கு இது மாற்றாகுமா என்று பொலிவியாவில் 14 பேரிடம் 16 வாரம் நடத்திய சோதனையில், பாதிப்பேர் வயிற்றுத் தொல்லை முதலிய காரணங்களால் இடையிலேயே நிறுத்திவிட்டனர். கடைகளில் விற்கும் பொடிகளிலும் குப்பிகளிலும் லெவோடோபாவின் அளவு சீட்டில் எழுதியதிலிருந்து வெகுவாக மாறுவதும் கண்டறியப்பட்டிருக்கிறது.

தோட்டப்புறத்துக்கென்று ஓர் எச்சரிக்கையும் தேவை. செம்பனைக்கு அடியில் தரைமூடியாக இன்று பரவலாக வளர்க்கப்படும் மியூக்குனா பிராக்டியாட்டா கொடி, பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்தது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து 1990களில் மலேசியத் தோட்டங்களுக்கு வந்தது. அதிலும் லெவோடோபா உண்டு. ஆனால் அது மருந்துக்கென்று சோதிக்கப்பட்ட செடி அன்று. களைக்கொல்லி படிந்த நிலத்தில் வளர்வது. அதைப் பறித்துக் கசாயம் வைப்பதற்கு எந்தச் சான்றும் துணை நிற்கவில்லை.

மரபு மருத்துவத்தை முழுதாக ஒதுக்குவதும் பொருந்தாது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு மரபு, துணை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. மிகப் பெரிய ஆபத்து மறைப்பதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே பொருள் என்பதால் அளவு கூடும். பிறகு தோன்றும் ஆட்டத்துக்கோ குழப்பத்துக்கோ காரணம் பிடிபடாது.

மூளைக்குள் மின்முனை

அறுவைச் சிகிச்சை லெவோடோபாவுக்கும் முந்தியது. 1950களில் மூளையின் சிறு பகுதியை அழித்து நடுக்கத்தை நிறுத்தினர். மாத்திரை வந்ததும் அது பின்வாங்கியது. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் குழு, அழிப்பதற்குப் பதிலாக மின்முனை பதித்துத் தூண்டும் முறையைத் தொடங்கியது. நடுமூளைக்கு அருகில் உள்ள சிறு முடிச்சைத் தூண்டும் முறை 1990களில் பரவியது. 251 பேரை ஈராண்டு தொடர்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, தொல்லைகள் தொடங்கிய கட்டத்திலேயே இதைச் செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத்தரம் 26 விழுக்காடு மேம்பட்டதாகவும், மருந்து மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமில்லை என்றும் கண்டது.

இந்த முடிவை அப்படியே பொதுமைப்படுத்த முடியாது. அதில் பங்கேற்றோரின் சராசரி வயது ஐம்பத்திரண்டு. நல்ல நினைவாற்றல் உள்ளவர்களே தேர்வு செய்யப்பட்டனர். லெவோடோபாவுக்கு இணங்காத அறிகுறிகள், குறிப்பாகத் தடுமாற்றமும் பேச்சுக் குழறலும், மின்முனைக்கும் பெரும்பாலும் இணங்குவதில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் உள்ளிட்ட சில இடங்களில் இச்சிகிச்சை கிடைக்கிறது என்றாலும் கருவியின் விலையும் பின்னர் அதைச் சரிசெய்யப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதும் பெரும் தடைகள். தோலுக்கடியில் இடைவிடாது மருந்து செலுத்தும் பம்பு, குடலுக்குள் செலுத்தும் கூழ், வெட்டாமல் ஒலியலையால் சுடும் முறை ஆகியவை புதிய வழிகள். இவற்றுள் எது யாருக்கு என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்ட சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது.

உடற்பயிற்சியை மருந்தாகக் கொள்ளலாமா

நீண்டகாலம் ஆறுதலுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையாக இருந்த உடற்பயிற்சி, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சோதனைக்கு உட்பட்ட சிகிச்சையாக உயர்ந்திருக்கிறது. 2012இல் 195 பேரிடம் நடந்த ஆய்வில் தாய்ச்சி பயின்றவர்களின் சமநிலை மேம்பட்டது, விழுவதும் குறைந்தது. மருந்தே தொடங்காத 128 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வாரம் சில நாள் ஓடுபொறியில் இதயத்துடிப்பு வெகுவாக உயரும் அளவுக்குப் பயின்றவர்களின் நிலை ஆறு மாதத்தில் ஏறத்தாழ மாறாதிருந்தது. பயிலாதவர்களிடம் சரிவு தெரிந்தது.

நோயின் அடிப்படைப் போக்கையே இது மாற்றுகிறதா, உடல் தகுதியைத்தான் கூட்டுகிறதா என்பதற்கு ஆறு மாத ஆய்வு விடை தராது. அதோடு, காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்தவரிடம் இன்னும் உடற்பயிற்சி செய்யச் சொல்வது விந்தையாகப் படலாம். குனிந்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும், சமநிலையையும் நீண்ட எட்டையும் குறிவைத்த பயிற்சியும் ஒன்றாகா என்பதைப் பயிற்றுநர்தான் விளக்க வேண்டியிருக்கிறது. கோலாலம்பூரில் இயங்கும் மலேசியப் பார்க்கின்சன் நோய்ச் சங்கம் இத்தகைய பயிற்சிகளுக்கு இடமளிக்கிறது. சிரம்பானிலிருந்து அது வாரந்தோறும் போய்வரும் தூரம் இல்லை.

நோயின் வேரை மாற்றும் முயற்சிகள்

அறிகுறிகளை அடக்குவது போதாது, செல்கள் சாவதையே நிறுத்த வேண்டும் என்பது இன்னொரு நீண்ட நிலைப்பாடு. இதன் கணக்கேடு பெரும்பாலும் ஏமாற்றங்களால் நிறைந்தது. கோஎன்சைம் க்யூ10, கிரியேட்டின், இஸ்ரடிபின் ஆகியவை பெரிய சோதனைகளில் தோற்றன. ஆல்பா சைனுக்ளின் என்ற புரதத்தைக் குறிவைத்த எதிர்ப்புப் பொருள்கள் இரண்டின் 2022 முடிவுகளும் முதன்மை இலக்கை எட்டவில்லை. நீரிழிவு மருந்துகளில் லிக்சிசெனடைடு 2024இல் சிறு பலன் காட்டியது. அதே வகையைச் சேர்ந்த எக்சனடைடு 2025இல் வெளியான பெரிய சோதனையில் பலன் காட்டவில்லை. குருத்துச் செல்லிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களைப் பதித்த இரு முயற்சிகள் 2025இல் வெளிவந்தன. மிகச் சிலரிடமே நடந்த அவை பாதுகாப்பைக் காட்டினவே தவிரப் பயனை நிறுவவில்லை.

வேரைத் தேடுவோர் தோட்டத்தையும் பார்க்கிறார்கள். பாராக்குவாட் களைக்கொல்லியைக் கையாண்டோருக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று 2011இல் அமெரிக்க விவசாயத்துறை ஆய்வு ஒன்று கண்டது. இது தொடர்பைக் காட்டுகிறது. ஒருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று நிறுவப் போதாது. மலேசியாவில் இம்மருந்தைத் தோட்டங்களில் அடித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். 2002இல் தெனாகனித்தா அமைப்பு அவர்களின் உடல்நலம் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. காரணம் எதுவானாலும் இன்று தரப்படும் சிகிச்சை ஒன்றுதான். தடையின் பலன் அடுத்த தலைமுறைக்கு. அடித்து முடித்தவர்களுக்குத் தேவைப்படுவது முன்கூட்டிக் கண்டறிதல்.

சிரம்பானில் எஞ்சும் கேள்வி

மருந்து கிடைப்பதில் மலேசியா பல நாடுகளைவிட நல்ல நிலையில் இருக்கிறது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட். மலேசிய நரம்பியல் வல்லுநர்கள் 2012இல் ஒரு சிகிச்சை வழிகாட்டியும் உருவாக்கினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் லிம் ஷென்-யாங், தான் ஆய் ஹுவி ஆகியோர் இந்நாட்டு நோயாளிகளிடமே சோதனைகள் நடத்தியிருக்கின்றனர். வயிற்றுக் கிருமி ஹெலிகோபாக்டரை அழிப்பதால் நடமாட்டம் மேம்படவில்லை என்பதும், குடல்நலம் பேணும் நுண்ணுயிர்கள் மலச்சிக்கலைத் தணிக்கின்றன என்பதும் அங்கிருந்து வந்த முடிவுகள்.

எனினும் மாத்திரை கைக்கு வந்த பிறகும் பலன் கைநழுவ வழிகள் உண்டு. லெவோடோபா உணவுப் புரதத்தோடு போட்டியிட்டே குடலில் உறிஞ்சப்படுகிறது. தே தாரிக் என்ற பால் தேநீரோடும் இறைச்சிக் குழம்புச் சாப்பாட்டோடும் விழுங்கினால் சிலருக்கு அது பலன் தராமல் போகும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு எடுப்பதே பொது அறிவுரை. இரும்புச்சத்து மாத்திரையும் இடையூறு செய்யும். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவை டோபமினைத் தடுத்து நோயைக் கூட்டலாம். நோயே இல்லாதவரிடம் நோயின் சாயலையும் வரவழைக்கலாம். திடீரென்று மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

இவற்றை யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். முன்பு தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்திருந்தார். நீலாயிலும் சிரம்பான் 2 நகர்ப்பகுதியிலும் தோட்டங்கள் வீடமைப்புகளாக மாறியபின் அந்தக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறின. அறுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூரில் நிபுணத்துவம் குவிந்திருக்க, மாதந்தோறும் அளவைச் சரிபார்க்கும் வேலை உள்ளூர் கிளினிக்கின் மேல் விழுகிறது.

மதிப்பீடு

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்ல இயலும். வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு அறிகுறி இருந்தால், குறிப்பாக முதியவர்களிடம், லெவோடோபாவைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. அளவு உடலுக்கேற்பக் குறைவாக இருப்பது நல்லது. உடற்பயிற்சியைத் தொடக்கத்திலிருந்தே சிகிச்சையின் பகுதியாகக் கொள்ளலாம். பூனைக்காலி செயல்திறன் உள்ள மருந்து என்பதாலேயே மருத்துவருக்குத் தெரியாமல் உண்ணத்தக்கதன்று. மின்முனை ஒரு சிலருக்குப் பெரும் பயன் தரும். பலருக்கு அது எட்டாது, சிலருக்குப் பொருந்தாது.

திறந்தே இருப்பவை மூன்று. இளவயதில் நோய் கண்டவருக்கு எந்த வரிசை சிறந்தது என்பது ஒன்று. நோயின் வேகத்தை மருந்தால் குறைக்க முடியுமா என்பது இரண்டாவது. இதுவரை வந்த சான்று முடியாது என்பதன் பக்கமே சாய்கிறது. மூன்றாவதுதான் சிரம்பானுக்கு மிக நெருக்கமானது: சிறப்பு மையங்களில் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கிடைத்த பலன், கிளினிக்கை மட்டும் நம்பியிருக்கும் தோட்டத்து முதியவருக்கு எவ்வளவு கிடைக்கும்? அதற்கான ஆய்வுகள் மருந்துச் சோதனைகளைவிட மிகக் குறைவு. அவை நடக்கும்வரை, எந்த மருந்து என்ற பழைய கேள்விக்கு நாம் தரும் விடை பாதி விடையாகவே இருக்கும்.